கத்தோலிக்கத் திருமணமும் உடலுறவும்: பிள்ளைப்பேறு மட்டும்தான் நோக்கமா?

ஒரு வாசகரின் கேள்வி, 12 ஜனவரி 2025

தவக்காலம் தொடங்குவதற்கு முன் எனக்குத் திருமணம். நேற்று இருவருமாகத் திருமணத் தயாரிப்பு வகுப்புக்குப் போய்வந்தோம். மதிய உணவின்போது பக்கத்து இருக்கைக்காரர் சொன்ன ஒன்று மனத்தை விட்டு அகலவில்லை. திருச்சபை உடலுறவை எப்போதும் சந்தேகத்தோடுதான் பார்த்து வந்திருக்கிறது, பிள்ளை பெறுவதற்காக மட்டும் அதைப் பொறுத்துக்கொள்கிறது, மற்றவையெல்லாம் அலங்காரப் பேச்சு என்றார் அவர். வகுப்பெடுத்த அருட்தந்தையிடம் கேட்கக் கூச்சமாக இருந்தது. இது உண்மைதானா?

12 ஜனவரி, இரவு

உண்மையில்லை. திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1084 ஆம் எண்ணைப் படித்தாலே போதும். திருமணத்துக்கு முன்பிருந்தே இருக்கின்ற, நிரந்தரமான, உடலுறவு கொள்ள இயலாத நிலை திருமணத்தைச் செல்லாததாக்கும் என்கிறது அது. அதே எண்ணின் மூன்றாம் பத்தியோ, பிள்ளைப்பேறின்மை திருமணத்தைத் தடுப்பதுமில்லை, செல்லாததாக்குவதுமில்லை என்கிறது; தெரிந்தே அதை மறைத்து ஏமாற்றியிருந்தால் மட்டும் கதை வேறு. பிள்ளை ஒன்றே நோக்கமாக இருந்திருந்தால் இந்த இரண்டு விதிகளும் தலைகீழாக அல்லவா இருந்திருக்க வேண்டும்?

எங்கள் பங்கு ஆலயத்தில் சில ஆண்டுகளுக்கு முன் எழுபதை நெருங்கிய ஒருவருக்கும் அறுபதைக் கடந்த ஒரு கைம்பெண்ணுக்கும் திருமணம் நடந்தது. மூன்று ஞாயிறும் முறைப்படி திருமண அறிவிப்பு ஓலை வாசித்தார்கள். சிரித்தவர்கள் பின்வரிசை இளைஞர்கள்தாம்; சட்டம் சிரிக்கவில்லை.

என் மனைவியோடு சேர்ந்து பதினான்கு ஆண்டுகளாக இவ்வகை வகுப்புகளில் உதவி வருகிறேன். இறையியல் படித்தவன் அல்லன், ஓய்வுபெற்ற கணித ஆசிரியன். ஆகவே எண் ஒன்று கிடைத்தால் அதைப் பிடித்துக்கொள்வேன்.

13 ஜனவரி

நேற்று இரவு அவசரப்பட்டுவிட்டேன். ‘உண்மையில்லை’ என்று ஒரே சொல்லில் முடித்தது அந்தப் பக்கத்து இருக்கைக்காரருக்குச் செய்த அநியாயம், ஏனென்றால் அவர் சொன்னதற்கு வலுவான பழைய ஆதாரம் உண்டு.

புனித அகுஸ்தீன் 401 ஆம் ஆண்டையொட்டித் திருமணத்தைப் பற்றி எழுதியபோது அதற்கு மூன்று நன்மைகளைச் சொன்னார்: பிள்ளைப்பேறு, பிரமாணிக்கம் (துணைவருக்கு நம்பிக்கைக்குரியவராயிருத்தல்), முறிக்க முடியாத புனிதப் பிணைப்பு. திருமணமே தீது என்று சொன்ன மனிக்கேயரோடும், திருமணத்தைத் தாழ்த்திக் கன்னிமையைத் தூக்கிப் பிடித்தவர்களோடும் வாதாட வேண்டியிருந்த காலத்தில் அவர் திருமணத்தின் பக்கம் நின்றார் என்பதை மறக்கக் கூடாது. ஆயினும் பிள்ளைக்காக அன்றி வேட்கையைத் தணிப்பதற்காகக் கணவனும் மனைவியும் கூடினால் அது அற்பப் பாவம் என்பதே அவருடைய கணக்கு. சாவான பாவம் இல்லை, ஆனாலும் பாவம். நூற்றாண்டுக் கணக்கில் மேற்குத் திருச்சபை இந்தக் கணக்கை வைத்தே, பாவ அறிக்கை கேட்கும் ஒப்புரவுத் தொட்டியில் கேள்வி கேட்டது.

ஆகவே சரியான விடை இது: ஒரு காலத்தில் பெருமளவுக்கு அப்படித்தான் இருந்தது, இப்போது அப்படி இல்லை. மாறியது எப்படி என்பதைப் பொங்கல் முடிந்து எழுதுகிறேன்.

15 ஜனவரி, மாட்டுப் பொங்கல்

வீட்டில் மாடு இல்லாததால் எழுத நேரம் கிடைத்தது.

1917 இல் வெளிவந்த சட்டத் தொகுப்பின் 1013 ஆம் எண் வெளிப்படையாகத் தரவரிசை போட்டது. முதன்மை நோக்கம் பிள்ளைகளைப் பெற்று வளர்ப்பது. இரண்டாம் நிலை நோக்கம் ஒருவருக்கொருவர் துணை நிற்பதும் இச்சைக்கு மருந்தாவதும். காதலித்து மணந்த எவரும் தம் இல்வாழ்வை மருந்துப் பட்டியலில் பார்க்க விரும்பமாட்டார்கள். ஆனால் சட்டத்தின் மொழி அதுதான்.

முதல் அசைவு 1951 அக்டோபர் 29 அன்று, இத்தாலியப் பேறுகால மருத்துவச்சியரிடம் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் ஆற்றிய உரையில் தெரிந்தது. கணவனும் மனைவியும் அந்த இன்பத்தை நாடுவதிலும் துய்ப்பதிலும் தவறில்லை, அது படைத்தவர் அமைத்தது என்றார் அவர். அகுஸ்தீனின் அற்பப் பாவம் அந்த இடத்தில் ஓசையின்றிக் கணக்கிலிருந்து கழிக்கப்பட்டது என்பது என் வாசிப்பு. உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 இல் தரவரிசையைத் திரும்பச் சொல்ல மறுத்து, திருமணத்தை வாழ்வும் அன்பும் பகிரும் நெருங்கிய உறவு என்று விவரித்தது. 1983 இன் புதிய தொகுப்பில் 1055 ஆம் எண், வாழ்வு முழுமைக்குமான கூட்டுறவு என்று திருமணத்தை வரையறுத்துவிட்டு, அதன் இயல்பான இலக்குகளாகத் தம்பதியரின் நன்மையையும் பிள்ளைப்பேற்றையும் ஒருங்கே வைக்கிறது. தம்பதியரின் நன்மை முதலில் எழுதப்பட்டிருக்கிறது. வரிசைக்குப் பொருள் இல்லை என்று சட்ட வல்லுநர்கள் சொல்லக்கூடும். கணித ஆசிரியனுக்கு வரிசை முக்கியம்.

இதைவிட என்னை நிறுத்தி வைத்தது 1061 ஆம் எண். திருமணம் நிறைவுபெறுவதற்கு அந்த முதல் உறவு ‘மனிதத் தன்மையோடு’ நிகழ்ந்திருக்க வேண்டும் என்ற இரண்டு சொற்கள் 1983 இல் அங்கே சேர்க்கப்பட்டன. வன்முறையால் நிகழ்ந்தது நிறைவு ஆகாது. நம் நாட்டுக் குற்றவியல் சட்டமோ, பதினெட்டு வயது நிறைந்த மனைவியைக் கணவன் கட்டாயப்படுத்துவதை வன்புணர்ச்சி என்ற வரையறைக்குள் இன்றுவரை கொண்டுவரவில்லை. புதிய நியாயச் சட்டத்திலும் அந்த விலக்கு அப்படியே தொடர்கிறது. பதினான்கு ஆண்டு வகுப்புகளில் இந்த இரண்டு சொற்களை மணமகன்களிடம் எத்தனை முறை சொன்னேன் என்று எண்ணிப் பார்த்தேன். ஒருமுறைகூட இல்லை.

19 ஜனவரி

இன்று பூசையிலிருந்து வந்ததும் எழுதுகிறேன். கொஞ்சம் இலகுவான செய்தி. திருமணப் பூசைக்கு வாசகம் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். விவிலியத்தில் தோபித்து நூலின் எட்டாம் அதிகாரத்தைப் பாருங்கள். தோபியாவும் சாராவும் முதலிரவில் படுக்கையை விட்டு எழுந்து சேர்ந்து மன்றாடுகிறார்கள். இச்சையின் பொருட்டன்று, நேர்மையோடு இவளை மணக்கிறேன் என்கிறான் தோபியா. இருவரும் ஒன்றாக முதுமை அடைய வேண்டும் என்று கேட்கிறான். அழகான வேண்டுதல்.

ஆனால் அச்சிட்ட வாசகத்தில் வராத பகுதியையும் சொல்லிவிடுகிறேன். சாராவின் முந்தைய ஏழு கணவர்களும் முதலிரவிலேயே இறந்தவர்கள். ஆகவே மாமனார் இரகுவேல் அன்றிரவே எழுந்து போய் மருமகனுக்குக் குழி வெட்டி வைக்கிறார், விடிவதற்குள் ஊருக்குத் தெரியாமல் புதைத்துவிடலாம் என்று. பணிப்பெண் விளக்கோடு போய்ப் பார்த்து, இருவரும் நன்றாக உறங்குகிறார்கள் என்று வந்து சொன்னதும், விடியுமுன் குழியை மூடச் சொல்கிறார். நம் ஊர் மாமனார்கள் பந்திச் செலவோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

22 ஜனவரி

எதிர்பார்த்த கேள்வி வந்துவிட்டது. “அன்பும் நோக்கம் என்று ஏற்றுக்கொண்ட பிறகு கருத்தடையை மட்டும் ஏன் மறுக்கிறார்கள்?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இதைச் சுருக்கமாக எழுத முடியாது.

1930 ஆகஸ்டில் ஆங்கிலிக்க ஆயர்கள் லாம்பெத் மாநாட்டில், சில சூழ்நிலைகளில் தம்பதியர் கருத்தடை செய்யலாம் என்று கதவைச் சற்றே திறந்தார்கள். அதே ஆண்டு டிசம்பர் 31 அன்று பதினொன்றாம் பயஸ் சுற்றுமடல் எழுதிக் கத்தோலிக்கக் கதவை அழுத்தமாகச் சாத்தினார். பிறகு 1960 இல் அமெரிக்காவில் கருத்தடை மாத்திரைக்கு ஒப்புதல் கிடைத்தது. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜான் ராக் நாள்தோறும் பூசைக்குப் போகும் கத்தோலிக்க மருத்துவர். உறவின் இயல்பான அமைப்பை மாத்திரை எந்த விதத்திலும் தடுக்கவில்லை, ஆகவே பழைய தடை இதற்குப் பொருந்தாது என்று அவர் வாதிட்டார்.

1963 இல் திருத்தந்தை இருபத்துமூன்றாம் யோவான் இதை ஆராய ஆறு பேர் கொண்ட ஒரு குழுவை அமைத்தார். அவருக்குப் பின் வந்த ஆறாம் பவுல் அதை விரிவாக்கி, மருத்துவர்களையும் மணமான தம்பதியரையும் சேர்த்தார். சிக்காகோவைச் சேர்ந்த பாட் குரோலி, பாட்டி குரோலி என்ற தம்பதியர், தங்கள் குடும்ப இயக்கத்து உறுப்பினர்கள், கருவுறாத நாள்களைக் கணக்கிடும் நாள்காட்டி முறையோடு பட்ட பாட்டை எழுதியனுப்பிய கடிதங்களைச் சுமந்துகொண்டு ரோமுக்குப் போனார்கள். கத்தோலிக்கத் திருமண ஒழுக்கம் பற்றிய ஒரு கலந்தாய்வில் மனைவியரின் கடிதங்கள் மேசையின் மீது வைக்கப்பட்ட அந்தக் காட்சியை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு. 1966 இல் குழுவின் பெரும்பான்மையினர் மாற்றத்தைப் பரிந்துரைத்தார்கள். அறிக்கை மறு ஆண்டே பத்திரிகைகளில் கசிந்தது. உலகமெங்கும் கத்தோலிக்கர்கள் மாற்றம் வரப்போகிறது என்றே காத்திருந்தார்கள்.

1968 ஜூலை 25 தேதியிட்ட ‘ஹுமானே வீத்தே’ சுற்றுமடலில் ஆறாம் பவுல் பெரும்பான்மையை ஏற்கவில்லை. உடலுறவுக்கு ஒன்றிணைக்கும் பொருளும் உயிர்தரும் பொருளும் உண்டு, மனிதன் தன் முயற்சியால் இந்த இரண்டையும் பிரிக்கலாகாது என்பது அதன் சாரம். கருவுறாத நாள்களை மட்டும் பயன்படுத்திக்கொள்ளத் தக்க காரணம் இருந்தால் தடையில்லை. செப்டம்பரில் கனடா ஆயர்கள் வின்னிபெக்கில் கூடி, நேர்மையாக முயன்றும் கடைப்பிடிக்க இயலாதவர்கள் தம் மனச்சான்றின்படி நடந்தால் அவர்களைத் திருச்சபையிலிருந்து விலகியவர்களாகக் கருத வேண்டாம் என்ற பொருளில் அறிக்கை விட்டார்கள். ஆறாம் பவுல் அதன்பின் பத்தாண்டுகள் வாழ்ந்தும் வேறு சுற்றுமடல் எழுதவேயில்லை.

இந்த மடலைத் திட்டுபவர்களில் பெரும்பாலோர் படித்ததில்லை. புகழ்பவர்களும் அப்படித்தான். நானும் நெடுங்காலம் படிக்காமலேயே வகுப்பில் மேற்கோள் காட்டியவன். படித்தபோது இரண்டு இடங்கள் என்னைப் பிடித்துக்கொண்டன. 13 ஆம் எண்ணில், துணைவரின் நிலையையும் நியாயமான விருப்பத்தையும் பொருட்படுத்தாமல் திணிக்கப்படும் உறவு உண்மையான அன்புச் செயல் ஆகாது என்கிறார் ஆறாம் பவுல். அந்த எண்ணில் கருத்தடை கூடாது என்ற வாதத்தை அந்த வாக்கியத்திலிருந்தே தொடங்குகிறார். 17 ஆம் எண்ணில், இந்தக் கருவி அரசுகளின் கைக்குப் போனால் தம்பதியரின் விருப்பத்தைக் கேளாமலே மக்கள் மீது ஏவப்படலாம் என்று எச்சரிக்கிறார். எட்டு ஆண்டுகள் கழித்து, நெருக்கடி நிலையின்போது 1976 இல், இந்தியாவில் செய்யப்பட்ட கருத்தடை அறுவைகள் 60 லட்சத்தைத் தாண்டின. அவற்றுள் எத்தனையோ, இலக்கை முடிப்பதற்காக ஆள் பிடித்துச் செய்யப்பட்டவை. குடும்பக் கட்டுப்பாட்டுச் சின்னமான சிவப்பு முக்கோணத்தைச் சுவரெங்கும் பார்த்து வளர்ந்த தலைமுறையைச் சேர்ந்தவன் நான். அந்த எச்சரிக்கையைக் கிழவரின் அச்சம் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

அப்படியானால் முழுவதையும் ஏற்றுக்கொள்கிறாயா என்று நாளை ஒருவர் கேட்பார். நாளைக்கு எழுதுகிறேன்.

24 ஜனவரி

நாளை என்று சொல்லி ஒரு நாள் தள்ளிப்போட்டேன். காரணம், இது சொந்தக் கதை.

1998 இல் எங்கள் இரண்டாம் பிள்ளை அறுவை சிகிச்சையில் பிறந்தது. முதல் பிள்ளையும் அப்படியே. அறுவை அரங்கின் வெளியே நடைக்கூடத்தில் நின்றிருந்தேன். செவிலியர் ஒரு படிவத்தோடு வந்தார். நூல் கட்டிய பேனாவை அட்டையோடு சேர்த்து நீட்டி, “ரெண்டாவது சிசேரியன் சார், கூடவே முடிச்சிடலாமா?” என்றார். முழங்காலில் அட்டையை வைத்துக் கையெழுத்துப் போட்டேன். நூல் எட்டாததால் செவிலியர் குனிந்து நின்றுகொண்டிருந்தார். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. நாங்கள் கருத்தடை அறுவை செய்துகொண்டோம் என்பது இவ்வளவுதான்.

அந்த ஆண்டுத் தவக்காலத்தில் ஒப்புரவுத் தொட்டியில் இதைச் சொன்னேன். அருட்தந்தை, பிள்ளைகள் எத்தனை, வீட்டுக்காரி நலமா என்று மட்டும் கேட்டார். ஐம்பத்துமூன்று மணிச் செபமாலை ஒருமுறை சொல்லச் சொன்னார். நிம்மதியாக வெளியே வந்தேன். அதன்பின் பதினான்கு ஆண்டுகளாக அறுவை கூடாது என்று சொல்லும் வகுப்பில் ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் அன்பியம் என்ற பங்குச் சிறு குழுவிலுள்ள இருபத்தைந்து குடும்பங்களில், ஐம்பதைக் கடந்த பெண்களில் அறுவை செய்துகொள்ளாதவர்களை ஒரு கை விரல்களால் எண்ணிவிடலாம். எல்லோரும் ஞாயிறு தவறாமல் நற்கருணை வாங்குகிறவர்கள். பூசைப் பிரசங்கத்தில் இதைப் பற்றி ஒரு சொல் நான் கேட்டதில்லை. போதனை ஒரு பக்கம், பங்கு மறுபக்கம், நடுவில் எல்லோரும் உடன்பட்ட அமைதி.

ஆகவே கேட்டவருக்கு விடை: கற்பிக்கிற இடத்தில் உட்கார்ந்திருப்பவன் கடைப்பிடித்தவன் அல்லன்.

25 ஜனவரி

நேற்றைய குறிப்பை மனைவி படித்தாள். “நாங்கள் செய்துகொண்டோம்னு எழுதியிருக்கீங்களே, நீங்க என்னத்தைச் செஞ்சுக்கிட்டீங்க?” என்றாள். திருத்தம் பதிவு செய்யப்படுகிறது: அவளுக்குச் செய்யப்பட்டது.

26 ஜனவரி

அது ஒரு வரித் திருத்தத்தோடு முடியவில்லை. நேற்றிரவு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். அவளுடைய இசைவோடு எழுதுகிறேன்.

அறுவைக்கு முந்திய மாலை, பணியிலிருந்த மருத்துவர் அவளிடம் கேட்டிருக்கிறார். “அவரைக் கேளுங்க” என்று அவள் சொல்லியிருக்கிறாள். மறுநாள் என்னைக் கேட்டபோது, மருத்துவர் சொன்னால் சரி என்று நான் கையெழுத்திட்டேன். மருத்துவரோ குடும்பத்தார் இசைந்துவிட்டார்கள் என்று எண்ணிச் செய்து முடித்திருப்பார். மூவரில் ஒருவரும் முடிவெடுக்கவில்லை. முடிவு மட்டும் அவள் வயிற்றில் நிகழ்ந்தது. இருபத்தேழு ஆண்டுகளில் நான் இதைக் கேட்டறிந்தது நேற்றுதான்.

நான் பாவசங்கீர்த்தனம் செய்ததைச் சொன்னபோது, தான் அதை ஒருநாளும் சொன்னதில்லை என்றாள். முழு அறிவும் முழுச் சம்மதமும் இல்லாமல் சாவான பாவம் இல்லை என்று மறைக்கல்வியில் படித்ததை அவள் மறக்கவில்லை. தான் சம்மதம் கொடுக்காத ஒன்றுக்குத் தான் ஏன் மண்டியிட வேண்டும் என்பது அவளுடைய கேள்வி. என்னிடம் விடையில்லை. சட்ட எண்ணும் இல்லை.

2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் மணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அறுவை செய்துகொண்டவர்கள். ஆண்களின் அறுவை நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. இந்தப் பெண்களில் எத்தனை பேர் “அவரைக் கேளுங்க” என்று சொன்னவர்களோ.

30 ஜனவரி

“எல்லாவற்றையும் சம்மதத்தில் கொண்டுபோய் முடிக்கிறீர்கள், இது நவீனப் பேச்சு, கத்தோலிக்கம் அன்று” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அவருக்கு என் மறுப்பு.

திருமணத்தை உண்டாக்குவது சம்மதமே, வேறு எந்த மனித அதிகாரமும் அதற்கு ஈடாகாது என்பது 1057 ஆம் எண். மேற்குத் திருச்சபை மரபில் திருமண அருள்சாதனத்தை ஒருவருக்கொருவர் வழங்குகிறவர்கள் மணமக்கள்; அருட்தந்தை திருச்சபையின் பெயரால் அந்தச் சம்மதத்தைக் கேட்டுப் பெறும் சாட்சி. 1563 இல் திரெந்து பொதுச்சங்கத்தில், பெற்றோர் இசைவில்லாத திருமணம் செல்லாது என்று அறிவிக்க வேண்டுமெனப் பிரெஞ்சுத் தரப்பு வற்புறுத்தியது. சங்கம் மறைவான திருமணங்களைக் கண்டித்தது, பங்குத்தந்தையும் சாட்சிகளும் கட்டாயம் என்றது, பெற்றோர் இசைவைச் செல்லுபடிக்கு நிபந்தனையாக்க மட்டும் மறுத்துவிட்டது. நானூற்று அறுபது ஆண்டுப் பழைய செய்தி இது. நவீனமென்றால் இவ்வளவுதான் நவீனம்.

நம் ஆலயங்களில் வாக்குறுதிக்கு முன் அருட்தந்தை கேட்கிறார்: யாருடைய வற்புறுத்தலுமின்றி முழு மனச் சுதந்திரத்தோடு வந்திருக்கிறீர்களா? வந்திருக்கிறோம் என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை நாளிதழின் மணமக்கள் தேவைப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். ஆர்.சி. என்பதற்குப் பக்கத்திலேயே சாதிப் பெயர், அதன் பக்கத்தில் ஊர், அதன் பக்கத்தில் எத்தனை பவுன் என்ற குறிப்பு. அந்தச் சல்லடை முழுவதிலும் சலித்த பிறகு மிஞ்சும் இருவரை பீடத்தின் முன் நிறுத்தி, சுதந்திரமாக வந்தீர்களா என்று கேட்கிறோம். கருத்தடையைப் பற்றி வகுப்பில் ஒரு மணி நேரம் ஒதுக்குகிறோம். சாதிக்கும் வரதட்சணைக்கும் பத்து நிமிடம், அதுவும் தேநீர் வந்துவிட்டால் ஐந்து. என்னுடைய திருமணமும் அந்தச் சல்லடையில் சலித்ததுதான். பெண் பார்க்கப் போன அன்று அவளிடம் நான் கேட்ட ஒரே கேள்வி, பாடகர் குழுவில் எந்தக் குரல் பாடுகிறாய் என்பது. அவள் பாடகர் குழுவில் இல்லை.

2 பிப்ரவரி

தன்பால் ஈர்ப்புடையவர்களைப் பற்றி ஏன் வாய் திறக்கவில்லை என்ற கேள்விக்குச் சுருக்கமாக. மறைக்கல்வி நூலின் 2357 முதல் 2359 வரையான எண்கள் ஒரே மூச்சில் இரண்டைச் சொல்கின்றன: அந்தச் செயல்களை ஏற்க முடியாது, அந்த மனிதர்களை மதிப்போடும் பரிவோடும் நுண்ணுணர்வோடும் ஏற்க வேண்டும், அநீதியான பாகுபாடு கூடாது. 2023 டிசம்பர் 18 அன்று, வழிபாட்டுச் சடங்காக அல்லாமல் அத்தகைய இணையருக்கு ஆசி வழங்கலாம் என்று ரோமின் அறிக்கை வந்தது. திருமணம் பற்றிய போதனை மாறவில்லை என்றும் அதிலேயே எழுதியிருந்தது. அடுத்த மாதமே ஆப்பிரிக்க ஆயர்கள் தங்கள் பகுதியில் அது நடைபெறாது என்றார்கள். எங்கள் வகுப்பில் இந்தக் கேள்வி மேடையை நோக்கி வந்ததேயில்லை. ஒருமுறை செருப்பு விடும் இடத்தில் ஒரு தாய் தாழ்ந்த குரலில் தன் மகனைப் பற்றிக் கேட்டார். முதல் பாதியை அவர் ஏற்கெனவே பலமுறை கேட்டிருந்தார்; இரண்டாம் பாதி நூலில் இருப்பதே அவருக்குத் தெரியாது. நான் எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன்.

9 பிப்ரவரி

நேற்று மாத வகுப்பு. இயற்கை முறைப் பாடம் செவிலியரான ஓர் அருட்சகோதரியுடையது. 1953 இல் மெல்போர்னில் ஜான் பில்லிங்ஸ் தொடங்கி, பின்னர் அவர் மனைவி எவிலினும் மருத்துவராகச் சேர்ந்து வளர்த்த முறை அது. கருப்பை வாயில் சுரக்கும் நீரின் மாற்றத்தைப் பெண் நாள்தோறும் கவனித்து, அட்டவணையில் வில்லை ஒட்ட வேண்டும்: உதிர நாளுக்குச் சிவப்பு, வறண்ட நாளுக்குப் பச்சை, கருவுறும் வாய்ப்புள்ள நாளுக்குக் குழந்தைப் படம் போட்ட வெள்ளை. மாதவிடாய் ஒழுங்கை நம்பிக் கணக்குப் போடும் பழைய நாள்காட்டி முறையைவிட இது எவ்வளவோ நம்பகமானது. சகோதரி சுவரில் ஒட்டிய அட்டவணை மின்விசிறிக் காற்றில் ஒரு முனை பிரிந்து படபடத்துக்கொண்டேயிருந்தது. பெண்கள் குறிப்பெடுத்தார்கள். மணமகன்களில் ஏறக்குறைய எல்லோரும் கைபேசிக்குள் தலையைக் கவிழ்த்திருந்தார்கள். ஒருவர் மட்டும் சன்னல் வழியாகத் தென்னை மரத்தை ஆராய்ந்தார்.

இந்த இடத்தில்தான் போதனை தோற்கிறது என்று எனக்குத் தோன்றியது. இரண்டாம் யோவான் பவுல் 1979 செப்டம்பர் 5 முதல் 1984 நவம்பர் வரை, 129 புதன்கிழமை உரைகளில், உடல் ஒரு மொழி என்றார். தன்னை முழுமையாகக் கொடுத்துப் பிறரை முழுமையாக ஏற்றுக்கொள்ளும் மொழி. திருத்தந்தை ஆவதற்கு வெகுமுன், 1960 இல், போலந்தில் அவர் எழுதிய நூலிலேயே, மனைவியின் நிறைவைக் கருதாமல் தன் நிறைவோடு நின்றுவிடும் கணவனைத் தன்னலக்காரன் என்று கடிந்திருக்கிறார். ஓர் ஆயர் இதை எழுதினாரா என்று மணமகன்கள் வியப்பார்கள். ஆனால் நாங்கள் அவர்களுக்குக் கொடுப்பது காற்றில் படபடக்கும் ஓர் அட்டவணை. அதுவும் அவர்களைத் தவிர்த்துவிட்டு.

இயற்கை முறையை நான் குறைத்துப் பேசுவதாக எண்ண வேண்டாம். அன்னை தெரேசா 1979 இல் நோபல் உரையிலேயே கொல்கத்தாவின் ஏழைகளுக்குத் தம் சபையினர் அதைக் கற்றுக்கொடுப்பதைப் பெருமையோடு குறிப்பிட்டார். அந்த முறை இருவர் சேர்ந்து செய்வது. கணவன் ஒத்துழைக்காத வீட்டில் அது பெண்ணின் தலையில் ஏறிய இன்னொரு வேலை.

20 பிப்ரவரி

கேள்வி கேட்டவருக்குச் சென்ற வாரம் திருமணம் முடிந்துவிட்டதாம். தோபித்து வாசகத்தையே வைத்தாராம். மாமனாரிடம் குழி பற்றிச் சொல்லவில்லையாம். “பிரமாணிக்கம் என்ற சொல்லை உச்சரிக்கும்போது நாக்குத் தடுமாறியது, கூட்டம் சிரித்தது” என்று எழுதியிருக்கிறார்.

நியாயமான தடுமாற்றம். “இன்பத்திலும் துன்பத்திலும், உடல்நலத்திலும் நோயிலும்” வரை பேச்சுத் தமிழுக்கு அருகில் ஓடுகிற வாக்குறுதி, அந்தச் சொல்லில் வந்து முட்டிக்கொண்டு நிற்கும். தமிழ்க் கத்தோலிக்கர் தவிர வேறு எவரும் இன்று அந்தச் சொல்லை இந்தப் பொருளில் ஆள்வதாகத் தெரியவில்லை. நம்பிக்கைக்குரியவராக இருத்தல் என்று எளிமையாக்கலாமே என்பவர்கள் உண்டு; நான் மாற்ற வேண்டாம் என்பவன். அகுஸ்தீன் பட்டியலிட்ட மூன்றில் நடுவிலிருப்பது இதுவே. பிற பெண்ணை நாடாதிருத்தல் என்றே முப்பது ஆண்டுகளாக அதற்குப் பொருள் கொண்டிருந்தேன். அந்தக் கணக்கில் எனக்கு முழு மதிப்பெண். படிவத்தில் கையெழுத்திட்ட நாளை அந்தச் சொல்லுக்குள் வைத்துப் பார்க்கும் எண்ணம் இந்த ஜனவரிக்கு முன் வந்ததில்லை.

9 மார்ச்

நேற்றைய வகுப்பு ஈஸ்டருக்குப் பிந்தைய திருமணங்களுக்கானது. பதினோரு இணையர். அருட்சகோதரிக்கு வேறு பணி இருந்ததால் அட்டவணைப் பாடத்தை என் மனைவி எடுத்தாள். சுவரில் ஒட்டாமல் அச்சிட்ட தாள்களைக் கட்டாகக் கொண்டுபோயிருந்தாள். வில்லைகளையும் பென்சில்களையும் மணமகன்களின் கையில் கொடுத்தாள். பெண்கள் கவனிக்க வேண்டும், எழுதுவதும் ஒட்டுவதும் ஆண்களுடைய வேலை என்றாள்.

அறையில் சற்று நேரம் நாற்காலிகள் நகரும் ஓசை மட்டும் கேட்டது. பிறகு பின்வரிசையிலிருந்து ஒருவர், “எங்களுக்கு எப்படிக்கா தெரியும்?” என்றார்.

“கேட்கணும் தம்பி, ராத்திரி ராத்திரி கேட்கணும்” என்று சொல்லிவிட்டு, மாதிரி அட்டவணையின் முதல் வாரத்தை நிரப்பச் சொன்னாள். என்னிடமும் ஒரு தாள் வந்தது. இரண்டாம் நாளில் பச்சை ஒட்ட வேண்டிய இடத்தில் வெள்ளையை ஒட்டிவிட்டேன்; பிரித்து எடுக்கும்போது தாள் கிழிந்தது.

பி.கு.: ஜனவரி 15 குறிப்பில் 1061 என்பதை முதலில் 1016 என்று எழுதியிருந்தேன். சுட்டிக்காட்டியவருக்கு நன்றி, திருத்திவிட்டேன்.